இரவுக்கும் ஒரு வெப்ப எச்சரிக்கை வேண்டும்

கோடை பிறந்துவிட்டால் நம் செய்திகள் பிற்பகல் இரண்டு மணியைச் சுற்றியே நின்றுவிடுகின்றன. வேலூரில் எத்தனை டிகிரி, கரூர் பரமத்தியில் எத்தனை, மீனம்பாக்கம் சதம் அடித்ததா, அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் எத்தனை நாள்? அன்றைய இரவு எவ்வளவுக்கு இறங்கியது என்ற எண்ணும் வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் நாள்தோறும் வருகிறது. அதைத் தேடிப் படிப்பவர்கள் குறைவு. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்று, வடசென்னையில் ஒரு குடியிருப்பின் கடைசி மாடியில் வசிக்கும் எனக்கு அந்த இரண்டாவது எண்தான் முதலில் கண்ணில் படுகிறது. மே மாதத்தில் எங்கள் பக்கத்தில் ஆளைச் சாய்ப்பது இரவுதான்.

எதிர்வீட்டு அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். விடியலுக்கு வெகுநேரம் முன்பே ஏலத்துக்குப் போய் நிற்க வேண்டும். கூடை தூக்குவது அவருக்குப் பெரிய பாரமில்லை. தூங்காத உடம்போடு தூக்குவதுதான் பாரம். "பகல்லகூட எங்கனா நெழல்ல குந்திக்கலாம் டீச்சர். ராவுல எங்க போறது?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு இயற்பியலில் பதில் இருக்கிறது. அந்தப் பதில் அரசாங்கத்தின் எச்சரிக்கை விதிகளுக்குள் இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

வெயில் சாய்ந்த பிறகும் ஏன் வேகிறது என்று கேட்டால், பகலில் சுவரும் தளமும் வாங்கி வைத்த சூடு என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிப் பதில். மீதிப் பாதி தலைக்கு மேலே, வானத்தில் இருக்கிறது.

எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்றபடி ஓயாமல் கதிர் வீசிக்கொண்டிருக்கும். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். அதன் கதிர் அரை மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உச்சம் தொடுகிறது. அது நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி. தரை, சுவர், கடல், நம் உடம்பு எல்லாம் 30 டிகிரியை ஒட்டியவை. இவை வீசும் கதிரின் உச்சம் 10 மைக்ரோமீட்டர் பக்கத்தில் இருக்கிறது. அது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். பரோட்டாக் கடை வாசலில் கல்லுக்கு எதிரே நின்றால், கல்லைத் தொடாமலே கன்னம் காய்கிறதல்லவா, அந்தக் கதிர்தான்.

காற்று இந்த இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. உலர்ந்த காற்றில் 99 விழுக்காடு நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். அகச்சிவப்பை இவை கண்டுகொள்வதே இல்லை. மிச்சமிருக்கும் கொஞ்சத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், ஓசோன், இவற்றோடு எல்லாவற்றுக்கும் மேலாக நீராவி, இவைதான் தரையிலிருந்து கிளம்பும் அகச்சிவப்பை வழிமறித்து விழுங்குகின்றன. விழுங்கியதோடு நிற்பதில்லை. தாங்களும் எல்லாத் திசையிலும் கதிர் வீசுகின்றன. அதில் ஒரு பங்கு மேலே போய் விண்வெளியில் கலக்கிறது. இன்னொரு பங்கு திரும்ப நம் தலையில் இறங்குகிறது.

இறங்குவது எவ்வளவு? உலகச் சராசரியில் ஒரு சதுர மீட்டர் தரை சூரியனிடமிருந்து ஏற்றுக்கொள்வது சுமார் 160 வாட். அதே சதுர மீட்டருக்கு வளிமண்டலம் அனுப்பும் அகச்சிவப்பு சுமார் 340 வாட். இரண்டு மடங்குக்கும் மேல்! கரும்பலகையில் இந்த எண்களை எழுதும்போதெல்லாம் வகுப்பில் சலசலப்பு எழும். "சூரியனைவிட வானம் அதிகமாகக் கொடுக்குமா மிஸ்? அதுக்கு எங்கிருந்து வந்தது?" தரையிடமிருந்துதான் வந்தது. தரை ஏறத்தாழ 400 வாட்டை மேலே அனுப்புகிறது. அதில் பெரும்பகுதி காற்றில் சிக்கி, கீழே திரும்பி வருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை 15 டிகிரியாக இருக்காது, மைனஸ் 18-ல் உறைந்து கிடந்திருக்கும். நாம் உயிரோடிருப்பதே அந்தத் திரும்பி வரும் கதிரால்தான். ஆனால் சூரியன் மாலையில் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறது. வானம் இருபத்து நாலு மணி நேரமும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

இதைக் கையில் பிடித்துப் பார்க்க வழியிருக்கிறது. ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று என்னிடம் இருக்கிறது. நெற்றியில் காட்டும் காய்ச்சல் கருவி வேறு. இது சுழியத்துக்குக் கீழேயும் காட்டும். மே மாத இரவு பதினோரு மணிக்கு என் படுக்கையறைக் கூரையின் அடிப்பக்கத்தில் காட்டினால் 37 என்கிறது. மொட்டை மாடிக்குப் போய் உச்சி வானத்தை நோக்கிக் காட்டினால், மேகமில்லாத இரவில் சுழியத்துக்கு மேல் நாலைந்து டிகிரி. தாழ்வான மேகம் ஒன்று நகர்ந்து வந்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் 18, 20 என்று ஏறும். மேகம் கடந்ததும் மறுபடி இறங்கும். காற்றின் நீராவியும் மேகத்துளிகளும் கீழே வீசும் கதிரைத்தான் கருவி இப்படி எண்ணாக்கித் தருகிறது.

அதே கருவியை ஜனவரியில் ஊட்டிக்கு எடுத்துப்போனேன். தம்பி மகள் வீடு அங்கே. பனி இறங்கும் நேரத்தில், நட்சத்திரம் அப்பிக் கிடந்த வானத்தை நோக்கிக் காட்டினால் எண் மைனஸ் 25-ஐயும் தாண்டிக் கீழே போயிற்று. மறுநாள் காலையில் குதிரைப் பந்தய மைதானத்துப் புல் வெள்ளையாக நின்றது. காற்றின் வெப்பநிலை சுழியத்துக்கு மேலே இருந்தும் புல் உறைந்தது எப்படி? இரண்டாயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில், குளிர்காலத்தின் வறண்ட காற்றில், நீராவி கொஞ்சம்தான். புல் வீசும் கதிர் தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. திரும்பி வருவது மிகக் குறைவு. அதனால் புல் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. நீலகிரியில் தேயிலைக் கொழுந்து கருகுவது இப்படித்தான். மேகம் மூடிய இரவில் உறைபனி விழாது என்பதை அங்கே தோட்ட வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணும் சொல்வார்.

ஊட்டியின் உறைபனிக்கும் சென்னையின் உறங்காத இரவுக்கும் கணக்கு ஒன்றே. அங்கே நீராவி இல்லாததால் தரை குளிர்கிறது. இங்கே நீராவி நிறைந்திருப்பதால் தரையால் குளிர முடியவில்லை.

இந்த இரவுக் கணக்கில் நம் நாட்டவர் செய்த வேலையை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. பாலக்காட்டில் 1900-ல் பிறந்து, சி.வி. ராமனிடம் பயின்ற எல்.ஏ. ராமதாஸ், புணேயில் வேளாண் வானிலைப் பிரிவில் இருந்தபோது ஆத்மநாதனுடன் சேர்ந்து வெற்று மண்ணுக்கு மேலே இரவுக் காற்றின் வெப்பநிலையை அளந்தார். தெளிவான, காற்றடிக்காத இரவில் தரையை ஒட்டிய காற்றுதான் மிகக் குளிர்ந்திருக்கும் என்று அதுவரை எல்லோரும் நம்பினார்கள். அவர்கள் கண்டது வேறு: தரையிலிருந்து சில பத்து சென்டிமீட்டர் மேலேதான் காற்று மிகக் குளிர்ந்திருந்தது. 1932-ல் இதை வெளியிட்டபோது வெளிநாட்டு அறிஞர்கள் பலர் நம்பவில்லை. 1950-களில் மற்றவர்களும் அளந்து பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார்கள். இன்று உலகப் பாடநூல்களில் அது ராமதாஸ் அடுக்கு. தரை வழியாக மட்டுமல்லாமல், காற்றே நேரடியாக வானத்துக்குக் கதிர் வீசிக் குளிர்கிறது என்பதற்கு அது சான்று. காற்றில் மிதக்கும் நுண்துகள்களுக்கு அதில் பங்குண்டு என்பதைப் பின்னாளில் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையத்து ஆய்வாளர்கள் பரிசோதனைகளில் காட்டினார்கள். புணேயின் ஒரு வயல்வெளியில், இரவில் விழித்திருந்து, சாண் சாணாக அளந்ததில் கிடைத்தது இந்த அறிவு. பகலின் உச்சத்தை மட்டும் குறித்துக்கொண்டு போயிருந்தால் கிடைத்திருக்காது.

இனி விதிகளுக்கு வருகிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறை 'வெப்ப இரவு' என்று ஒன்றை வரையறுத்து வைத்திருக்கிறது. அன்றைய அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டுமே அது கணக்கில் எடுக்கப்படும். அதோடு குறைந்தபட்ச வெப்பநிலை இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். ராஜஸ்தானுக்கும் விதர்பாவுக்கும் இது பொருந்தும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரியான ஊர்களுக்கு இது கதவைச் சாத்திவிடுகிறது.

காரணம் கடல்காற்று. பகல் ஏறி வரும்போது கிழக்கிலிருந்து அது உள்ளே நுழைந்து, பல நாட்களில் பாதரசத்தை 40-க்கு முன்பே நிறுத்திவிடுகிறது. அதே காற்றுதான் வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து நகரத்தின் மேல் நிறைக்கிறது. அந்த ஈரம் இரவில் இரண்டு விதத்தில் வதைக்கிறது: வானத்திலிருந்து இறங்கும் அகச்சிவப்பைக் கூட்டுகிறது, உடம்பின் வியர்வையை உலரவிடாமல் தடுக்கிறது. ஆக, பகலை 40-க்குக் கீழே வைத்த அதே காரணம் இரவைக் கெடுக்கிறது. பகல் 40 தொடவில்லை என்பதால் அந்த இரவு கணக்கிலேயே சேராமல் போகிறது. இரண்டாவது நிபந்தனையும் கடற்கரைக்கு ஒத்துவராது. கடல் அருகே இரவு வெப்பநிலை நாளுக்கு நாள் அதிகம் மாறாது. மே மாதத்தில் சென்னையின் இயல்பான குறைந்தபட்சமே 28 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அதற்கு மேல் 4.5 கூடினால்தான் எச்சரிக்கை என்றால், எச்சரிக்கை அரிதிலும் அரிதாகத்தான் வரும்.

கடலோரத்து ஈர நகரமான ஹாங்காங்கைப் பாருங்கள். பகல் எவ்வளவு இருந்தாலும், இரவு 28 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் அதை வெப்ப இரவு என்று அங்கே வானிலை நிலையம் தனியாக எண்ணி வைக்கிறது. 28 என்ற எண் நமக்குச் சரியா, 29-ஆ, ஈரப்பதத்தையும் சேர்த்த ஒரு குறியீடா என்பதை வானிலையாளர்களும் மருத்துவர்களும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். பகலின் 40 டிகிரியோடு இரவைக் கட்டிப்போட்டிருக்கும் கயிற்றைக் கடற்கரை மாவட்டங்களுக்கு அவிழ்த்துவிட வேண்டும். இதுதான் என் முதல் கோரிக்கை.

இது வெறும் தூக்கப் பிரச்சினை என்று ஒதுக்குபவர்கள் 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் நடந்ததைப் படிக்க வேண்டும். ஏறத்தாழ 15,000 பேர் வெப்பத்தால் இறந்தார்கள். பாரிஸில் பகல் மட்டுமல்ல, இரவுகளும் தணியாமல் தொடர்ந்த நாட்கள் அவை. பிறகு நடந்த ஆய்வில், கூரைக்கு நேர் கீழே படுக்கையறை இருந்த முதியவர்களுக்கு அபாயம் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. சீனா, தென்கொரியா, ஜப்பான் நகரங்களின் இறப்புக் கணக்கை ஆராய்ந்து 2022-ல் வெளியான ஆய்வும் இரவு வெப்பம் தனியாகவே உயிரைப் பறிக்கிறது என்கிறது. பகலில் உழைத்த இதயம் இரவில் ஓய்வெடுக்க வேண்டும். உடம்பு குளிர்ந்தால்தான் அந்த ஓய்வு கிடைக்கும்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. இதை மனமார வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் வெப்ப அலை என்பதே பகல் உச்சத்தை வைத்து அளக்கப்படும்போது, நான்கைந்து இரவுகள் தொடர்ந்து உறங்காமல் நெஞ்சு களைத்துப்போன ஒரு முதியவர், ஒரு காவலாளி, ஒரு கர்ப்பிணி, இவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்? கட்டடத் தொழிலாளர்களுக்கு மதிய வேலையைத் தவிர்த்து அதிகாலையில் தொடங்குங்கள் என்கிறோம். நல்ல யோசனைதான். முந்தைய இரவு அவர் தகரக் கொட்டகையில் எப்படிப் படுத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது முழுமையாகும்.

அடுத்தது கூரை. கடைசி மாடியில் வசிப்பவளாக, இதில் எனக்குக் கொஞ்சம் ஆத்திரமே உண்டு. 37 டிகிரியில் இருக்கும் என் கூரையின் அடிப்பக்கம் ஒரு சதுர மீட்டருக்கு 520 வாட்டுக்கு மேல் கீழே வீசுகிறது. அதே நேரம் மே மாதத் தெளிந்த வானம் வீசுவது, என் கணக்குப்படி, 420-ஐ ஒட்டி. கருவி காட்டும் நாலைந்து டிகிரியை மட்டும் வைத்துப் போட்ட கணக்கல்ல இது. நீராவி வழிமறிக்காத அலைநீளப் பட்டையைத்தான் கருவி பார்க்கிறது, மற்ற பட்டைகளில் வானம் இன்னும் சூடானது. அதையும் சேர்த்தால்கூட, கூரைக்கும் வானத்துக்கும் சதுர மீட்டருக்கு 100 வாட் வித்தியாசம். மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு உடம்பு இளகியதற்கு இதுதான் காரணம். காற்று அடிக்காத இரவில்கூட அது உண்மை. இன்று மாடியில் தண்ணீர்த் தொட்டிகளும், ஏசி வெளியலகுகளும், பூட்டிய கதவும். சந்துகளிலோ ஒரு வீட்டுச் சுவர் எதிர்வீட்டுச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வானமே கண்ணில் படாத சுவர் எதை நோக்கிக் கதிர் வீசிக் குளிரும்?

கூரைக்கு வெள்ளையடிப்பதன் சிறப்பு, அது இரண்டு அலைநீளத்திலும் நமக்குச் சாதகமாக நடப்பதுதான். நீற்றிய சுண்ணாம்பு சூரியனின் அரை மைக்ரோமீட்டர் ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பும். ஆனால் 10 மைக்ரோமீட்டரில் அது கரி மாதிரியே தாராளமாகக் கதிர் வீசும். பகலில் குறைவாக வாங்கி, இரவில் நிறையக் கொடுக்கும் பொருள். பளபளக்கும் புதுத் தகரம் அப்படியல்ல. வெயிலைக் கொஞ்சம் திருப்பினாலும், தன் சூட்டை அகச்சிவப்பாக வெளியேற்றத் தெரியாமல் தேக்கி வைத்துக்கொள்ளும். எங்கள் மாடியில் பாதிக்குச் சுண்ணாம்பு அடித்தோம். பிற்பகலில் கருவியைக் காட்டினால் அடிக்காத பாதி 57, அடித்த பாதி 41. குனிந்து கை வைத்தால், ஒன்றில் உள்ளங்கையை வைத்திருக்கலாம், மற்றதில் முடியாது. எங்கள் பகுதியில் நிலக்கரிச் சாம்பல் படிந்து, வெள்ளை சீக்கிரமே மங்கிவிடுகிறது. பங்குனியில் ஒருமுறை அடித்து, நடுவில் கழுவிவிட வேண்டும். தெலங்கானா 2023-லேயே குளிர் கூரைக்கென ஒரு கொள்கை கொண்டுவந்தது. நமக்கும் அப்படி ஒன்று, கட்டட அனுமதியோடு பிணைந்ததாக வேண்டும்.

உலகம் முழுவதும் என்ன நடக்கிறது என்பதையும் மறப்பதற்கில்லை. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. காற்று ஒரு டிகிரி சூடேறினால், அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். நீராவி கூடினால் இறங்கும் கதிரும் கூடும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, குளிர்பதன நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த வீரபத்ரன் ராமநாதன், 1975-ல் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டார்: குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோ ஃபுளோரோ கார்பன் வாயுக்கள், நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் திறந்து விட்டிருக்கும் அந்த 8 முதல் 12 மைக்ரோமீட்டர் ஜன்னலையே போய் அடைக்கின்றன. என் கருவி வானத்தைப் பார்ப்பதும் அந்த ஜன்னல் வழியாகத்தான். ஓசோனைக் காக்க 1987-ல் மாண்ட்ரியலில் கையெழுத்தான ஒப்பந்தம் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தியது. அளந்து, புரிந்துகொண்டு, விதி வகுத்தால் பலன் உண்டு என்பதற்கு அது நேர்ச் சாட்சி.

அளப்பது என்றதும் அன்னா மணியைச் சொல்லியாக வேண்டும். பீர்மேட்டில் 1918-ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி இந்தியா முழுக்கச் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தவர். கருவிகளை இறக்குமதி செய்யாமல் இங்கேயே செய்ய வைத்தவர். 1980-ல் அவர் வெளியிட்ட தரவுக் கையேட்டின் மேல்தான் இந்நாட்டுச் சூரிய மின் திட்டங்கள் எழுந்தன. அவர் பகலுக்குச் செய்ததை நாம் நகரத்து இரவுக்குச் செய்ய வேண்டும். வானிலை நிலையங்கள் திறந்தவெளியில், புல்தரையில் நிற்கின்றன. அது அவற்றின் முறை. மக்கள் படுத்துறங்கும் சந்துகளில் என்ன நடக்கிறது என்பதை அவை சொல்லாது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கண்ணகி நகர் மாதிரி இடங்களில் அரசுப் பள்ளி மாடிகளில் இரவு வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் வானத்திலிருந்து இறங்கும் அகச்சிவப்பையும் அளக்கும் கருவிகளை வைக்கலாம். பிளஸ் ஒன் பிள்ளைகள் அதைக் குறித்துவைப்பார்கள். பாடமும் ஆகும், வார்டு வாரியாகத் தரவும் கிடைக்கும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. குடிசை மாற்றுக் குடியிருப்புகளின் கடைசி மாடிகளுக்கு அடுத்த பங்குனிக்குள் மாநகராட்சியே வெள்ளையடித்துத் தரலாம். தனியார் வீடுகளில் சிக்கல் வேறு: வேகிறவர் வாடகைக்காரர், மாடி வீட்டுக்காரருடையது. எதிர்வீட்டு அம்மா தன் செலவிலேயே அடித்துக்கொள்கிறேன் என்று கேட்டும் அனுமதி கிடைக்கவில்லை. தளம் ஒழுகிவிடும் என்று பயப்படுகிறார்களாம். வெள்ளையடித்த கூரைக்குச் சொத்துவரியில் ஒரு சிறு தள்ளுபடி கொடுத்துப் பாருங்கள், வீட்டுக்காரர்களே கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள்.